14 காசு நட்டம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கிறவர் இப்போதே என்னைப் பார்க்கிறார், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல். புழுதிப் புயலும் வங்கிக் கடனும் சேர்ந்து ஓக்லஹோமாவிலிருந்து விரட்டிய ஜோட் குடும்பம், ஓட்டை வண்டியில் கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகிறது. அதைத் தாங்கிப் பிடித்தது அம்மாவின் உறுதியா, அயலாரின் ஈரமா? அயலார்தான் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய அக்கா போகிற போக்கில் ஒரு குத்து விட்டார். "எதிரணி வந்து ரொட்டிக் கதை சொல்லி அழும். அந்த ரொட்டியை வாங்கியது ஜோட் குடும்பமே இல்லை. புத்தகத்தை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள்!" நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன்.

சரி, அக்கா இவ்வளவு ஆசைப்பட்ட பிறகு அந்தக் கதையைச் சொல்லாமல் போனால் நன்றாயிருக்குமா?

66ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. நம்ம ஊர்க் கோப்பிக்கடை மாதிரி லாரிக்காரர்கள் உட்காருகிற இடம். பரிமாறுகிற பெண்ணின் பெயர் மே. இரண்டு பையன்களோடு ஒருவர் வந்து, 10 காசுக்கு ரொட்டி கேட்கிறார். முழு ரொட்டி 15 காசு. இது மளிகைக்கடை இல்லை என்று மே முகத்தைச் சுளிக்கிறாள். அடுப்படியிலிருந்து சமையல்காரர் சத்தம் போடுகிறார், ரொட்டியைக் கொடுத்துத் தொலை என்று. வந்தவரோ ரோஷக்காரர். 10 காசுக்கு உண்டானதை வெட்டிக் கொடுங்கள், போதும் என்கிறார். கடைசியில் மே முழு ரொட்டியையே 10 காசுக்குக் கொடுத்துவிடுகிறாள்.

பையன்கள் எங்கே? மிட்டாய்ப் பெட்டிக்கு முன்னால். வாங்கித் தா என்று கேட்கவில்லை, காலை உதைத்து அழவில்லை. சும்மா பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படிச் சும்மா பார்ப்பார்களா? அப்பா பையிலிருந்து 10 காசை எடுக்கும்போது கூடவே ஒரு காசும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை உள்ளே போடப் போனவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டார். அது ஒரு காசு மிட்டாயா என்கிறார். மே குனிந்து பார்க்கிறாள். எது, கோடு போட்டதா? "அதுவா... ஒரு காசுக்கு இரண்டு!"

அவையோரே, அந்த மிட்டாய் ஒன்றே 5 காசு!

கணக்குப் போடுங்கள். ரொட்டியில் 5, மிட்டாயில் 9. ஆக 14 காசு நட்டம், பொய் ஒன்று இலவசம். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள் ஆளுக்கு அரை டாலரை வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா, அவர்களும் ஜோட் குடும்பம் இல்லை. உதவுகிறவரிடமும் வாங்குகிறவரிடமும் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

ஜோட் குடும்பம்தான் வேண்டுமா? தாத்தா உயிர்விட்டது வழியில் பழகிய வில்சன் தம்பதியின் கூடாரத்தில். சுற்றிப் புதைத்ததும் அவர்கள் போர்வையில்தான். மகளுக்கு வலி எடுத்தபோது கூட நின்றவர் பக்கத்து வெயின்ரைட் வீட்டம்மா. அட, கஷ்டம் வந்தால் ஏழைகளிடம் போ, அவர்கள்தான் உதவுவார்கள் என்று சொன்னது யார்? நீங்கள் கொண்டாடுகிற அதே அம்மா!

மேயின் பொய் எனக்குப் புதிதில்லை. 1985 பொருளாதார மந்தத்தில் அப்பாவுக்குக் கப்பல் பட்டறை வேலை போனது. எதிர்வீட்டு மலாய் அத்தை, மக்சிக் என்று கூப்பிடுவோம், காலையில் கதவைத் தட்டுவார். "இன்றைக்கும் நிறைய ஆக்கிவிட்டேன், வீணாகிவிடும்" என்று தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களை நீட்டுவார். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பொட்டலம். இருபது வருடம் சமைத்தவருக்கு அளவு தெரியாதா? அப்பாவுக்கு வேலை கிடைத்த வாரமே அவருக்கு அளவு தெரிந்துவிட்டது!

நடுவர் அவர்களே, என் அம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். குடும்பத்தைக் காப்பாற்றியது நீங்களா, மக்சிக்கா என்று அவரிடமே கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.