சத்தம் போடாத பிழைகள்: புள்ளியியலும் தரவு அறிவியலும் கற்பிக்கப் போகிறவர்களுக்கு

அவையோருக்கு வணக்கம். புதிதாகப் புள்ளியியல், தரவு அறிவியல் வகுப்புகளை எடுக்கப் போகும் விரிவுரையாளர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது, நிரல்மொழி பைத்தானா ஆரா (R) என்பதையெல்லாம் தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளலாம். கிடைத்த நேரத்தை ஒரே விஷயத்துக்குச் செலவிட விரும்புகிறேன்.

நிரல் எழுதும் மாணவர் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் கணினி அங்கேயே நின்றுவிடும். எந்த வரியில் தப்பு என்று சிவப்பு எழுத்தில் சொல்லவும் செய்யும். புள்ளியியலில் தப்பு செய்தால் எதுவும் நிற்பதில்லை. எண் வருகிறது, தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு வருகிறது. வரைபடமும் பளிச்சென்று வருகிறது. நம் துறையில் பெரும்பாலான பிழைகள் சத்தம் போடாதவை. அவற்றைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்குவதே நம் முதல் வேலை என்று உறுதியாக நம்புகிறேன். சூத்திரத்தை அவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் படித்துக்கொள்வார்கள்.

முதல் லேப் வகுப்பிலேயே இதைக் காட்டிவிடலாம். 200 பேரின் வயது அடங்கிய ஒரு கோப்பைத் தயாரியுங்கள். வயது சொல்லாதவர்களுக்கு 999 என்று குறிப்பது பல கணக்கெடுப்புகளில் உள்ள வழக்கம். மற்றவர்களின் சராசரி வயது 34 என்று வையுங்கள். 6 பேருக்கு 999 இருந்தால் மொத்தச் சராசரி 62.95 ஆகிவிடும். இதைப் பார்த்துச் சில மாணவர்களாவது முகம் சுளிப்பார்கள். இப்போது அதே கோப்பில் ஒரே ஒருவருக்கு மட்டும் 999 போட்டுக் கொடுங்கள். சராசரி 38.8. யாரும் அதை இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

ஆனால் அதே கோப்பின் திட்ட விலக்கம், அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 68ஐத் தாண்டியிருக்கும். வயது 0 முதல் 120க்குள்தான் என்றால், 38.8 சராசரி உள்ள 200 பேருக்குத் திட்ட விலக்கம் எப்படிப் புரட்டினாலும் 57ஐ எட்டாது. எல்லோரையும் இரண்டு ஓரங்களிலும் கொண்டுபோய் நிறுத்தினால்கூட 56 சொச்சம்தான். இந்த உச்சவரம்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கோட்பாட்டு வகுப்பில் வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். திட்ட விலக்கம் எதற்கென்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரியும்.

ஆகவே, எந்த மாடலையும் (தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கணக்குமுறை) தொடுவதற்கு முன் ஒவ்வொரு பத்திக்கும் (நெடுவரிசைக்கும்) சிறுமம், பெருமம், இடைநிலை, திட்ட விலக்கம், விடுபட்டவை எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு கோப்புகளை இணைக்கும் போதெல்லாம் இணைப்புக்கு முன் எத்தனை வரிசை, பின் எத்தனை வரிசை என்று குறிக்க வேண்டும். 1,000 வரிசை 1,040 ஆகியிருந்தால் இணைக்கும் அடையாள எண் எங்கோ இரட்டித்திருக்கிறது. வரிசையை எண்ணுவது சின்ன வேலை என்று மாணவர் நினைப்பார். 2020இல் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் தினசரிக் கணக்கில் 15,841 கோவிட் தொற்றுகள் விடுபட்டுப் போயின. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது என்பதுதான் காரணம். மிஞ்சிய வரிசைகள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன.

அடுத்ததற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தேர்ந்தவர்களும் வழுக்கி விழும் இடம் இது. தரவுக் கசிவு: சோதனைக்கென்று ஒதுக்க வேண்டிய தகவல் மாடலுக்கு முன்பே தெரிந்துவிடுவது.

ஒரு செய்முறை. 50 வரிசை, 5,000 பத்தி. எல்லாக் கட்டங்களிலும் தற்செயல் எண்கள். விடைப் பத்தியில் 25 பூஜ்ஜியம், 25 ஒன்று. அவற்றையும் குலுக்கிப் போடுங்கள். விடைக்கும் இந்தப் பத்திகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்த மாடல் வந்தாலும் நாணயம் சுண்டுவதைவிட நன்றாகக் கணிக்க முடியாது; உண்மையான பிழை விகிதம் 50 சதவீதம்.

மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள். விடையோடு அதிக ஒட்டுறவுள்ள (அதோடு சேர்ந்து ஏறி இறங்கும்) 100 பத்திகளை முதலில் பொறுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த 100 பத்திகளை மட்டும் வைத்து, அருகிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கணிக்கும் எளிய மாடலைக் கட்டி, கிராஸ் வேலிடேஷன் செய்யட்டும்; அதாவது வரிசைகளைச் சில மடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பையும் மாறி மாறிச் சோதனைக்கு ஒதுக்கி, மீதியில் மாடலுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். பிழை விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். வெறும் இரைச்சலிலிருந்து 90க்கு மேல் துல்லியம்! தரவு தற்செயலானது என்று தெரிந்த பிறகும் சில மாணவர்கள் "எங்கோ உண்மையிலேயே தொடர்பு இருக்கிறது சார்" என்பார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டு விளக்கிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அவர்களே விவாதிக்கட்டும்.

காரணம் இதுதான். 50 வரிசைதான் என்பதால், தொடர்பே இல்லாத பத்திக்கும் ஒட்டுறவுக் கெழு பூஜ்ஜியத்தைச் சுற்றிச் சுமார் 0.14 திட்ட விலக்கத்தோடு ஆடும். 5,000 பத்திகளில் மேலே உள்ள 100 என்றால் 2 சதவீதம். அப்படிப் பொறுக்கியவற்றின் கெழு, குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 0.33க்கு மேல் இருக்கும். அந்த 100 பத்திகளையும் பொறுக்கும்போது 50 வரிசைகளின் விடையையும் பார்த்துவிட்டோம். சோதனைக்கென்று பின்னால் ஒதுக்கிய வரிசைகளின் விடையும் அதில் அடக்கம். தேர்வுத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிய கதை.

திருத்தம் ஒரு வரிதான்: பத்தி பொறுக்குவதையும் ஒவ்வொரு மடிப்புக்குள்ளேயே, பயிற்சிப் பகுதியை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். செய்தால் பிழை 50ஐச் சுற்றித் திரும்பிவிடும். ஒரே தடவை ஓட்டினால் 40உம் வரலாம், 60உம் வரலாம். ஸீடு எண்ணை (தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் எண்) மாற்றி 20 தடவை ஓட்டிச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 40 வந்தவர் தன் மாடல் நல்ல மாடல் என்று கிளம்பிவிடுவார்.

இதன் உடன்பிறப்புகள் பல. விடுபட்ட மதிப்புகளை முழுக் கோப்பின் சராசரியால் நிரப்பிவிட்டுப் பிறகு பிரிப்பது. ஒரே நோயாளியின் மூன்று ஸ்கேன்களில் இரண்டு பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் போய்ச் சேருவது. அரிதாக வரும் விடைவகையின் வரிசைகளை நகலெடுத்துப் பெருக்கிய பிறகு பிரிப்பது. கால வரிசைத் தரவைக் குலுக்கிப் பிரித்து, நாளையை வைத்து நேற்றைக் கணிப்பது. எல்லாவற்றிலும் எண் அழகாக வரும். அழகாக வந்ததே சந்தேகத்துக்குக் காரணம் என்று மாணவருக்குச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

நம்பிக்கை இடைவெளிக்கு வருவோம்: நூற்றுக்கு 95 தடவை உண்மையான சராசரியை உள்ளடக்கும்படி மாதிரியிலிருந்து வரையும் வரம்பு. முன்னதாக மொழி பற்றி ஒரு சொல்: தமிழில் சாம்பிளுக்கும் மாதிரி, மாடலுக்கும் மாதிரி என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்றுக்கு மாதிரி, இன்னொன்றுக்கு மாடல் என்று முதல் நாளே பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

60 பேர் வகுப்பு என்று வையுங்கள். சராசரி உங்களுக்கு மட்டும் தெரிந்த, இயல்நிலைப் பரவலுள்ள ஒரு முழுமைத் தொகுதி. ஒவ்வொருவரும் அதிலிருந்து 5 மதிப்புகளை எடுத்து, சராசரிக்கு இருபுறமும் 1.96 மடங்கு திட்டப் பிழையை (அந்த 5 மதிப்புகளின் திட்ட விலக்கத்தை √5ஆல் வகுத்தது) போட்டு, கரும்பலகையில் ஒரு கிடைக்கோடாக வரையட்டும். கடைசியில் உண்மையான சராசரியில் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். அது அசையாமல் நிற்கிறது, கிடைக்கோடுகள்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்த மாணவர், 95 சதவீதம் என்பது கோடு வரையும் முறைக்கு உரியது என்பதை மறக்க மாட்டார்.

ஆனால் இந்தச் செய்முறையிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. வேண்டுமென்றேதான் வைத்தேன். ஆளுக்கு 1,000 தடவை கணினியில் ஓட்டிப் பார்த்தால், உண்மையைத் தொடும் கோடுகள் 950 ஆக இருக்காது. சுமார் 880தான் தொடும். 5 மதிப்புகளிலிருந்து திட்ட விலக்கத்தையும் நாமே மதிப்பிட்டதால் 1.96 போதாது, 2.776 வேண்டும். மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலுக்குத்தான். அதிலிருந்து வந்த டி பரவலை அட்டவணையிலிருந்து தொடங்காமல் இந்த 880இலிருந்து தொடங்குங்கள்.

இதுவரை சொன்னவை கோப்புக்குள் இருக்கும் பிழைகள். கோப்புக்கு வெளியே விடப்பட்டதைக் கவனிக்கக் கற்பிப்பது கடினம். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, குளிருக்கும் ஓ-வளையச் (ராக்கெட் இணைப்புகளில் வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்று விவாதித்தார்கள். சேதம் கண்ட 7 பயணங்களை மட்டும் பார்த்தால் குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம், ஒன்றும் புலப்படவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்து விசாரணைக் குழு பார்த்தபோது படம் தலைகீழாக மாறியது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் சேதம் 3இல். 63உம் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலும் சேதம். ஏழு பேர் இறந்த நிகழ்வு அது. வகுப்பில் நிதானமாக, மரியாதையோடு சொல்லுங்கள். முதலில் 7 புள்ளிகள் உள்ள வரைபடத்தை மட்டும் கொடுத்து, "வேறென்ன கேட்பீர்கள்?" என்று விசாரியுங்கள். பூஜ்ஜியங்களைக் கேட்கும் மாணவர் யார் என்று அன்று தெரிந்துவிடும்.

மதிப்பீடு பற்றியும் சொல்லியாக வேண்டும். நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் நாம் கற்பித்ததையெல்லாம் நாமே அழித்தவர்களாவோம். ஓடும் நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியே எழுதித் தந்துவிடுகிறது. மாணவர்களுக்கு இரண்டு பக்க அறிக்கை ஒன்றை, பார்வைக்கு முழுமையானதாக, நான்கு பிழைகளை ஒளித்துக் கொடுங்கள். பிழை எங்கே என்றதற்கு ஒரு மதிப்பெண், ஏன் பிழை என்றதற்கு இரண்டு, அதனால் எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், கூடியிருக்குமா குறைந்திருக்குமா என்றதற்கு மூன்று. மூன்றாவதைத்தான் யாரிடமும் கேட்டு எழுத முடியாது, யோசிக்க வேண்டும்.

மாணவரிடமிருந்து நோட்புக் (நிரலைச் செல் என்னும் சிறு சிறு துண்டுகளாக எழுதி ஓட்டும் கோப்பு) வாங்கும்போது ஒரு விதி: முதலிலிருந்து கடைசிவரை புதிதாக ஓட்டிக் காட்ட வேண்டும். அழித்துவிட்ட செல்லில் இருந்த மாறி நினைவகத்தில் உயிரோடு இருக்கும். மாணவரின் கணினியில் விடை வரும், உங்களுடையதில் வராது, அல்லது வேறு விடை வரும். ஆளுக்கொரு தரவு கொடுக்க வேண்டுமென்றால், மாணவரின் பதிவெண்ணையே ஸீடாக வைத்து உருவாக்கிவிடுங்கள். விடை உங்கள் கையில் இருக்கும், பார்த்து எழுதவும் முடியாது.

வாய்மொழித் தேர்வை விடாதீர்கள். 60 பேருக்குத் தலா 10 நிமிடம் என்றால் 10 மணி நேரம். இரண்டு நாள் போய்விடும் என்பது உண்மைதான். அந்த நேரத்தை வேறெதிலாவது மிச்சம் பிடியுங்கள். நிரலில் ஒரு வரியை மாற்றிக் காட்டி, ஓட்டுவதற்கு முன்பே என்ன ஆகும் என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், முதல் கேள்வியாக, "இந்தக் கோப்பில் ஒரு வரிசை என்பது எது? ஒரு நோயாளியா, ஒரு வருகையா, ஒரு ஸ்கேனா?" என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரின் அறிக்கையை மேலே படிக்கலாம். தயங்கினால், அவரையே திரையில் கோப்பைத் திறக்கச் சொல்லி, முதல் ஐந்து வரிசைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றாவது வரிசையிலேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.