பாலின் தீர்ப்பும் சயாம் றெயில் பாதையும்

நடுவர் ஐயா அவர்களே, வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு வந்திருக்கும் பெரியோரே, எதிரணியில் இருக்கும் அன்புக்குரியவர்களே, வணக்கம்.

ராதாபினோத் பாலின் தீர்ப்பு நீதிக்குப் பெருமையா, பாதிக்கப்பட்டவருக்கு அநீதியா? அநீதிதான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னர் பேசிய தங்கச்சி வடிவாகத்தான் கதைத்தா. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் 1946இல், இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் தோற்ற யப்பானின் தலைவர்களை விசாரித்த டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்துக்குப் போனார்; பதினொரு நீதிபதிகளில் ஒருவராக இருந்து, 1,200 பக்கங்களுக்கு மேல் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, கூண்டில் நின்ற 25 பேரையும் சுற்றவாளிகள் என்றார்; அந்தத் துணிவைப் பாருங்கள் என்றா. பார்த்தேன். துணிவில் ஒரு குறையும் இல்லை. வென்றவன் தோற்றவனை விசாரிக்கிறான், அணுகுண்டு போட்டவனைக் கூண்டில் காணோமே என்று பால் கேட்டதும் நியாயம். அதை எதிரணிக்கே தந்துவிடுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், விசாரிக்க வந்தவனுடைய கை சுத்தமில்லை என்பதற்காக, கொலைக்குப் பொறுப்பானவன் வீட்டுக்குப் போகலாமா?

இந்த மண்டபத்தில் இருக்கிற பலருடைய அப்பு, பூட்டன் மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்கள். மலாயன் பென்சன் காசில் கட்டின கல்வீடுகள் இந்த ஒழுங்கைகளில் இன்னமும் நிற்கின்றன. யப்பான்காரன் காலம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். 1942க்கும் 1943க்கும் இடையில் சயாமையும், அதாவது இன்றைய தாய்லாந்தையும், பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் றெயில் பாதை போட்டார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். ஆசியத் தொழிலாளர் அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் அதில் பெருந்தொகை. வாந்திபேதி, மலேரியா, பட்டினி. போர்க்கைதிகளுக்குப் பெயர் வெட்டின கல்லறைகள் இருக்கின்றன. எங்கட சனத்துக்கு ஒழுங்கான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

இதற்குப் பால் என்ன சொன்னார்? போர்க்கைதிகளை அந்த வேலையில் ஈடுபடுத்தியதற்கு யப்பானியப் பிரதமர் டோஜோ முழுப் பொறுப்பு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, அது அரசின் செயல், அதற்காக ஆளைக் குற்றவாளி ஆக்க முடியாது என்கிறார்! பொறுப்பு உண்டு, குற்றம் இல்லை. இதைத்தான் தங்கச்சி பெருமை என்றா.

சீனாவின் நான்கிங் விசயம் இன்னும் மோசம். 1937 டிசம்பரில் அந்த நகரத்தில் நடந்த படுகொலையைப் பால் மறுக்கவில்லை. யப்பானியப் படைகள் கொடுமை செய்ததற்குச் சான்று ஏராளம் என்றுதான் எழுதினார். ஆனாலும் அந்தப் படைகளின் தளபதி மட்சுயியைக் குற்றவாளியாகக் காணவில்லை. கட்டளையிட்டதற்கு ஆதாரம் வேண்டுமாம். ஐயா, எழுத்தில் கட்டளை கொடுத்துவிட்டா தளபதிமார் இதெல்லாம் செய்விக்கிறார்கள்? யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு இதை நான் விளக்கத் தேவையில்லை. கை தட்டாதேங்கோ, என்ர நேரம் போகுது.

போரில் இறந்த யப்பானியரை வணங்கும் யாசுகுனி ஆலயத்தில் 2005இல் பாலுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அவர் 1967இலேயே காலமாகிவிட்டார், கல்லுக்கு அவர் என்ன செய்வார் என்பீர்கள். சரிதான். ஆனால் 1966இல் யப்பானிய அரசின் முதற்தர விருதை வாங்கியது அவர்தானே. ‘எங்கள் மேல் பிழையே இல்லை’ என்று சொல்ல விரும்பியவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஏன் இவ்வளவு இனித்தது? அதில் இறந்தவர்களுக்கு ஒரு பதிலும் இல்லாதபடியால்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச எழும்பும் மாஸ்டர், ‘அன்றைய சட்டம் அவ்வளவுதான், பால் என்ன செய்வார்’ என்று சொல்லத்தான் போகிறார். அதே ஆசனவரிசையில் றோலிங் என்று ஒரு நீதிபதி இருந்தார். எங்கட கோட்டையைப் பெருப்பித்துக் கட்டின ஒல்லாந்தரின் நாட்டுக்காரர். அவரும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினவர். ஐந்து பேரை விடுவிக்க வேண்டும் என்றார். மற்றவர்களை விடவில்லை, சிலருக்குக் கொடுத்த தண்டனை போதாது என்றும் எழுதினார். கேட்டது அதே சாட்சியம், படித்தது அதே சட்டம். மாஸ்டர், றோலிங்குக்குத் தெரிந்த வழி பாலுக்கு ஏன் தெரியாமல் போனது? அதற்குப் பதிலைச் சொல்லிவிட்டு அணுகுண்டுக்கு வாருங்கள்.