செவ்வகத்தை முதலில் வரைந்துவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் கணக்குச் சொல்லித்தர வந்திருக்கிறேன். கரும்பலகை இல்லை, படம் காட்டவும் வழியில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், வார்த்தைக் கணக்கு என்பதே காதில் விழுவதைத் தாளில் படமாக மாற்றுகிற வேலைதான். அதனால் ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிறேன்.

சரி, கணக்கு இதுதான். ஒரு செவ்வகத்தின் நீளம், அதன் அகலத்தின் இரு மடங்கைவிட 3 மீட்டர் குறைவு. சுற்றளவு 54 மீட்டர். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு?

உடனே சமன்பாடு எழுதப் பாயாதீர்கள். முதலில் ஒரு செவ்வகம் வரையுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அகலத்தின் பக்கத்தில் எக்ஸ் என்று எழுதுங்கள். ஏன் அகலத்துக்கு எக்ஸ்? கணக்கு நீளத்தைப் பற்றிப் பேசும்போது அகலத்தைத்தானே துணைக்கு அழைக்கிறது. எதை வைத்து மற்றது சொல்லப்படுகிறதோ, அதற்கு எக்ஸ் கொடுத்தால் வேலை சுலபம். நீளத்தை எக்ஸ் என்று வைத்தாலும் விடை வரும், ஆனால் அகலம் பின்னமாகிப் பாடுபடுத்தும்.

‘இரு மடங்கைவிட 3 குறைவு’ என்பதை எழுதத் தமிழே கைகொடுக்கிறது. முதலில் இரு மடங்கு, அடுத்து 3, கடைசியில் குறைவு. கேட்ட வரிசையிலேயே எழுதினால் 2 எக்ஸ் கழித்தல் 3. ஆனால் இதே காது வேறொரு இடத்தில் காலை வாரும். ‘நீளம் அகலத்தைவிட 4 அதிகம்’ என்றால், நீளத்தோடு 4-ஐக் கூட்டி அகலத்துக்குச் சமம் என்று எழுதிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் விழுவார்கள். நான் கேட்பது ஒரே கேள்விதான்: இரண்டில் எது பெரியது? நீளம். பெரியதோடு இன்னும் 4-ஐக் கூட்டினால் சின்னது எப்படி வரும்? கேட்டதும் பிள்ளை தானாகவே ரப்பரைத் தேடும்.

சுற்றளவு என்றால் நாலு பக்கமும் சேர்ந்தது. அதனால் 54-ஐ முதலிலேயே பாதியாக்கிவிடுவது என் வழக்கம். 27. இது ஒரு நீளமும் ஒரு அகலமும் சேர்ந்தது. எக்ஸும், 2 எக்ஸ் கழித்தல் 3-ம் சேர்ந்தால் 27. அதாவது 3 எக்ஸ் 30. அகலம் 10, நீளம் 17. பாதியாக்க மறந்தால் அகலம் 19, நீளம் 35 என்று அழகான முழு எண்களாகவே வந்து நிற்கும். பார்த்தால் சந்தேகமே வராது. சுற்றிக் கூட்டிப் பார்த்தால்தான் 108 என்று குட்டு வெளிப்படும்.

பரப்பளவு வந்துவிட்டால் எக்ஸ் வர்க்கமும் கூடவே வரும். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி ஒரு கணக்கு எழுதினார்: ஒரு வர்க்கமும், அதன் வர்க்கமூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்தால் 39. இதைச் செவ்வகமாகப் பாருங்கள். அகலம் எக்ஸ், நீளம் அதைவிட 10 அதிகம், பரப்பளவு 39. விடை 3-ம் 13-ம். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இன்னொரு விடையும் வரும், மைனஸ் 13. அல்-குவாரிஸ்மி 3-ஓடு நிறுத்திக்கொண்டார். மைனஸ் 13-ஐ அகலமாக வைத்தால் நீளம் மைனஸ் 3, பெருக்கினால் அதே 39! சமன்பாட்டின் மேல் தப்பில்லை. நாம் செவ்வகத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைத் தள்ளுவது நம் பொறுப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது இதைவிடப் பழைய வழி. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் பதித்து வைத்தது. சுற்றளவு 40, பரப்பளவு 96 என்று வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் சேர்ந்து 20, அதில் பாதி 10. இரண்டும் 10 ஆகவே இருந்தால் அது சதுரம், பரப்பளவு 100. நமக்கு வேண்டியது 96. அப்படியானால் ஒரு பக்கம் 10-ஐத் தாண்டியிருக்கிறது, மற்றது அதே அளவு குறைந்திருக்கிறது. அந்த அளவின் வர்க்கம்தான் இங்கே குறைகிற 4. அதன் வர்க்கமூலம் 2. ஆக, 12-ம் 8-ம். காரணி தேடி அலைய வேண்டாம். சுற்றளவு 40, பரப்பளவு 110 என்று யாராவது கேட்டால், அப்படி ஒரு செவ்வகமே இருக்க முடியாது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். 100-க்கு மேல் போகாது.

கடைசியாக, நான் வகுப்பில் மாட்டிக்கொண்ட கதை. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள தோட்டம். அதைச் சுற்றி ஒரே அகலத்தில் பாதை. பாதையோடு சேர்த்துப் பரப்பளவு 140 சதுர மீட்டர். பாதையின் அகலம் என்ன? பலகையில் 12 கூட்டல் எக்ஸ், 8 கூட்டல் எக்ஸ் என்று எழுதி, பெருக்கி, விடை 2 என்று அடிக்கோடும் போட்டுவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “சார், பாதை அந்தப் பக்கமும் இருக்குமே?” என்றாள். அவள் நோட்டில் படம் இருந்தது, என் பலகையில் இல்லை. இருபுறமும் கூடுவதால் 12 கூட்டல் 2 எக்ஸ், 8 கூட்டல் 2 எக்ஸ். பாதையின் அகலம் 1 மீட்டர்தான். 14-ஐ 10-ஆல் பெருக்கினால் 140.

உங்களுக்கு ஒன்று தருகிறேன். சுற்றளவு 46, பரப்பளவு 120. பாபிலோனிய வழியில் போடுங்கள். நடுவில் அரை வந்து மிரட்டும், விடாதீர்கள். விடையில் பின்னம் இருக்காது.

வணக்கம்.