மாதம் 3 நாள் நோன்பு, கணக்கில் வருஷம் முழுக்க! பறுவ நிலவும் ஒரு பழைய பேரமும்

[காட்சி: பண்ணைப் பாலம். பொழுது சாய்கிற நேரம்.]

வருஷத்தில் 36 நாள்தான் நோன்பு. ஆனால் கூலி எழுதப்படுவது வருஷம் முழுக்க நோற்ற கணக்கில். இந்தச் சலுகை ஒரு இளைஞருக்கு நேரடியாகக் கிடைத்தது, அதுவும் நபியவர்களின் வாயாலேயே. அவரோ, "எனக்கு இது காணாது" என்று பேரம் பேசினார். கேட்டதை வாங்கியும் விட்டார். பிறகு வயது போன காலத்தில், "அன்றைக்கே அந்த மூன்று நாளை ஏற்றிருக்கலாமே" என்று ஏங்கினார்.

யார் அவர்? என்ன பேரம்? அதற்கும் நம்முடைய வீட்டுக் கலண்டரில் இருக்கிற முழுநிலவுப் போயா நாளுக்கும் என்ன சம்பந்தம்? கடைசி வரைக்கும் பாருங்கள். அந்த நிலவு காட்சியை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் சுருக்கமாக அடிப்படை. ரமழான் மாத நோன்பு முஸ்லிம்களுக்குக் கடமை. அதற்கு வெளியே விரும்பி நோற்கும் சுன்னத்தான நோன்புகள் உண்டு: திங்கள், வியாழன், ஷவ்வாலில் ஆறு நாள், அரஃபா நாள், ஆஷூரா. இவற்றில் ஒன்றுதான் மாதம் மூன்று நாள். பிறை 13, 14, 15 இல், அதாவது பிறை மாதத்தின் அந்த மூன்று தேதிகளில் நோற்றால் அதற்கு அய்யாமுல் பீழ் என்று பெயர், வெள்ளை நாட்கள். நோற்றால் நன்மை, விட்டால் குற்றமில்லை. அடிப்படை இவ்வளவுதான்.

சரி, இப்போது பேரத்துக்கு வருவோம்.

அவர் பெயர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி). இளம் வயது, உடம்பில் தெம்பு, உள்ளத்தில் தீ. "உயிரோடு இருக்கும் காலமெல்லாம் பகலில் நோன்பு, இரவில் தொழுகை" என்று சொல்லிவிட்டார். செய்தி நபி (ஸல்) அவர்களின் காதுக்குப் போகிறது. அவரை அழைத்து, "நீர் அப்படிச் சொன்னீரா?" என்று கேட்கிறார்கள். "ஆம்" என்கிறார்.

நாங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "மாஷா அல்லாஹ், என்ன பக்தி!" என்று முதுகில் தட்டியிருப்போம். நபியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. உம்மால் அது முடியாது, நோன்பும் வையும், விட்டும் விடும், தொழவும் செய்யும், தூங்கவும் செய்யும் என்றார்கள். உடம்புக்கு உம்மீது உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு, மனைவிக்கு உரிமை உண்டு, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் உரிமை உண்டு என்றார்கள். அந்தப் பட்டியலில் விருந்தாளியும் இருப்பதைக் கவனித்தீர்களா? வீட்டுக்காரர் தினமும் நோன்பென்றால் வருகிறவரோடு கூட இருந்து சாப்பிட யார்? அந்த மனிதரையும் நினைத்துப் பேசுகிற மார்க்கம் இது. எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

பிறகு சொன்னார்கள்: மாதம் மூன்று நாள் நோன்பு நோற்றால் போதும், ஒரு நன்மைக்குப் பத்து மடங்கு, ஆகவே அது காலமெல்லாம் நோற்றது போல. குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் 160 ஆம் வசனம் சொல்கிற அதே பத்து மடங்குதான். மூன்று தர பத்து, முப்பது. ஒரு மாதம் சரி. 12 மாதத்துக்கு 36 நாள், பத்தால் பெருக்கினால் 360. பிறை வருஷத்துக்கு இருப்பதே 354 அல்லது 355 நாள்தான். கணக்கில் மிச்சமும் வருகிறது பாருங்கள்!

அப்துல்லாஹ் விடவில்லை. "என்னால் இதைவிடக் கூட முடியும்." சரி, ஒரு நாள் நோன்பு, இரண்டு நாள் ஓய்வு. "இன்னும் முடியும்." அப்படியானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அது தாவூத் நபியின் நோன்பு, நோன்புகளில் மிகச் சிறந்தது. "இன்னும்..." என்றார். அதைவிடச் சிறந்தது இல்லை என்று நபியவர்கள் முடித்துவிட்டார்கள்.

அதையே அவர் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டார். ஆண்டுகள் போயின. தலை நரைத்தது, உடம்பு தளர்ந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? சில நாட்கள் தொடர்ந்து நோன்பை விட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வார். விட்ட நாட்களை எண்ணி வைப்பார். பிறகு அத்தனை நாளையும் நோற்றுக் கணக்கைச் சரி செய்வார். நபியவர்களைப் பிரிந்தபோது எந்த நிலையில் இருந்தாரோ, அதிலிருந்து ஒன்றையும் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில்தான் சொன்னார், நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று. அந்த மூன்று நாளை ஏற்றிருந்தால் அது என் குடும்பத்தையும் செல்வத்தையும் விட எனக்குப் பிரியமாக இருந்திருக்கும் என்று சொன்னதாகவும் வருகிறது.

இந்தக் கதையை நான் எத்தனை தரம் படித்தாலும் நெஞ்சு கனக்கும். மூன்று நாள் என்பது சோம்பேறிகளுக்கான தள்ளுபடி இல்லை. இருபது வயதிலும் முடியும், எழுபது வயதிலும் முடியும் என்று பார்த்துத் தந்த அளவு. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் என்ற ஹதீஸும், அதாவது நபிமொழியும் இருக்கிறதே.

[காட்சி: சமையலறைச் சுவரில் கலண்டர். போயா நாளில் விரல்.]

அடுத்து நிலவு. 13, 14, 15 ஆம் இரவுகளில் நிலவு பொழுது பட்டதிலிருந்து விடியும் வரை வானத்தை வெள்ளையாக்குகிறது, அதனால்தான் வெள்ளை நாட்கள். இலங்கையில் முழுநிலவு நாள் என்றால் போயா, அரசாங்க விடுமுறை. ஆகவே வெள்ளை நாட்களில் ஒன்று அநேகமாகப் போயா லீவிலோ அதை ஒட்டியோ வந்துவிடும். இந்தியாவில் இருந்து பார்க்கிற உறவுகளே, உங்களுக்கு இந்த வசதி இல்லை!

எங்கள் ஊரில் முழுநிலவுக்குப் பறுவம் என்று பெயர். சித்திராப் பறுவத்தில் தாயை இழந்த சைவ வீடுகளில் விரதம். அதே போயாவில் பௌத்தர்கள் வெள்ளை உடுத்து சில் எடுக்கிறார்கள், அதாவது விரதம் இருக்கிறார்கள். அந்தக் கிழமையே முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவில் யாரோ ஒரு உம்மா ஸஹருக்கு, நோன்புக்கு முந்திய விடிகாலைச் சாப்பாட்டுக்கு எழும்புகிறார். ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு, நம்பிக்கை வேறு. எங்கள் நோன்பு நிலவுக்காக அல்ல, அல்லாஹ்வுக்காக மட்டும். பிறைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அவை மனிதர்களுக்குக் காலம் காட்டுபவை என்று குர்ஆன் பதில் சொல்கிறது. நிலவு எங்களுக்குக் கடிகாரம். ஆனாலும் ஒரே நிலவின் கீழ் மூன்று சமூகமும் வயிற்றை அடக்கி இருக்கிற இந்த அழகை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஒரு கவனம். போயாவைப் பார்த்து மட்டும் நாளைக் குறிக்காதீர்கள். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை தீர்மானிக்கிறார்களே, அந்தக் கணக்கில் 13 ஐ எண்ணுங்கள். பிந்திவிட்டதா? கவலை வேண்டாம். மாதத்தின் எந்த நாட்களில் நபியவர்கள் நோற்றார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டபோது, எந்த நாள் என்று அவர்கள் பார்க்கவில்லை என்றே பதில் வந்தது. வேறு மூன்று நாளும் ஆகும். ஒன்று மட்டும்: துல்ஹஜ் பிறை 13 இல் நோற்கக் கூடாது, அது ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து வரும் தஷ்ரீக் நாட்களில் ஒன்று.

இப்போது ஒரு சொந்தக் கதை. நான் பிறந்தது புத்தளத்தில். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்கு வயது 19. அதற்கு மூன்று நாளில் பறுவம். அந்த நாட்களில் ஒரு காலை, தங்கியிருந்த திண்ணையில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பாணும் தேத்தண்ணியும் கிடைத்தது. பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. உம்மம்மா விரலை மடக்கிப் பிறையை எண்ணிப் பார்த்துவிட்டு உம்மாவிடம் சொன்னாராம்: "பட்டினி எண்டு நினைக்காத மகள். நோன்பெண்டு நிய்யத் வை."

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு அந்த ஹதீஸ் தெரியவந்தது. நபியவர்கள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும், "அப்படியானால் நான் நோன்பாளி" என்கிறார்கள். ரமழானுக்கு இரவிலேயே நிய்யத், அதாவது நோன்பு நோற்கும் எண்ணம், வைக்க வேண்டும். சுன்னத்தான நோன்புக்கு, விடிகாலை சுபஹிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தால், நாம் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹபில், அதாவது சட்டப் பிரிவில், உச்சி சாயும் முன்னர் வைத்தாலும் கூடும். உம்மம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சட்டம் தெரிந்திருந்தது. அன்று நோன்பு திறக்க ஒரு கோப்பைத் தண்ணீர், யாரோ தந்த பாதிப் பேரீச்சம்பழம். உம்மா இன்றைக்கும் அந்தப் பாதியைக் கையில் பிடித்துக் காட்டுவது போலத்தான் இந்தக் கதையைச் சொல்வார்.

நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டோம். உம்மா அந்த நாட்களை இன்னும் விடவில்லை.

ஆன்மீகப் பயன் என்ன என்று கேட்பீர்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ரமழானில் தெருவே நோன்பு. பள்ளிவாசலில் கஞ்சி, வீட்டில் எல்லோரும் பசி. அந்த வெள்ளத்தில் நாமும் மிதந்து போய்விடலாம். வெள்ளை நாளில் நீங்கள் தனி. கூட வேலை செய்கிற அண்ணை பத்து மணிக்கு, "வாரும் தம்பி, ஒரு பிளேன்ரீ குடிப்பம்" என்பார். வடை பொரிகிற வாசனை வாசலிலேயே இழுக்கும். யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

லுஹர் என்ற பகல் தொழுகைக்காகக் கை, முகம் கழுவி வுழூ எடுக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். சித்திரை வெயில், தொண்டை காய்ந்து கிடக்கிறது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுக்கிறீர்கள். குளிர்ந்த தண்ணீர், நாக்கின் மேல் நிற்கிறது. ஒரு மிடறு உள்ளே போனால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. துப்புகிறீர்கள். அந்தத் துப்பல் யாருக்காக? "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்" என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸை நான் பள்ளிவாசல் மிம்பர் மேடையிலிருந்து பல தரம் கேட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர்க் குழாயடியில்தான் எனக்கு அது விளங்கியது.

உடம்புக்கும் நல்லதா என்றால், பலர் லேசாக உணர்கிறோம் என்பார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், மருந்து எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நோன்பு யாழ்ப்பாணத்தில் 13, 14 மணி நேரம் வரும். கோடைக்கும் மாரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

[காட்சி: மீண்டும் பண்ணைப் பாலம். கமரா மேற்கிலிருந்து மெல்ல கிழக்கே திரும்புகிறது.]

வாக்குக் கொடுத்த காட்சி இதோ. முழுநிலவு நாளில் சூரியன் மறைகிற நேரமும் நிலவு உதிக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. ரமழானில் ஓரிரு நாளைத் தவிர நோன்பு திறக்கும்போது இப்படிக் கிடைக்காது. வெள்ளை நாளில் மாதா மாதம் கிடைக்கும். மேற்கே கடல்நீரேரியில் சூரியன் இறங்குகிறது, கிழக்கே தண்ணீருக்கு மேலே மஞ்சளாக நிலவு ஏறுகிறது. நடுவில் பாலத்துச் சுவரில் உம்மா. மடியில் ஒரு தண்ணீர்ப் போத்தல், சின்ன டப்பாவில் மூன்று பேரீச்சம்பழம்.

உங்கள் வீட்டில் வெள்ளை நாட்கள் நோற்கிறவர் யார் என்று கொமண்டில் எழுதுங்கள். சனலை சப்ஸ்க்ரைப் செய்துகொள்ளுங்கள். இன்று பிறை 14. பாங்கு சொல்கிறது. உம்மா ஒரு பழத்தை எடுத்துப் பாதியாகப் பிய்த்து என்னிடம் நீட்டுகிறார். கமராவை நிறுத்துகிறேன்.