புது மெஷின் ஏன் சீக்கிரம் படுத்துடுது?

[திரை: பின்மூடி கழற்றிய இரண்டு வாஷிங் மெஷின்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது]

பழைய மெஷின் இருபது வருஷம் உழைச்சது, புதுசு ஆறு வருஷத்துல படுத்துடுச்சு. இந்தப் புலம்பல்ல பாதி நியாயம், பாதி கணக்குப் பிழை. பிழையை முதல்ல முடிச்சுடலாம். 1980ல வாங்கின மெஷின்ல பெரும்பாலானது எப்பவோ பழைய இரும்புக்குப் போயாச்சு. இன்னும் ஓடிட்டு இருக்கிற ஒண்ணு ரெண்டை வச்சு அந்தக் காலத்து மொத்தச் சரக்குக்கும் மார்க் போடுறோம். செத்துப்போனது கண்ணுல படாது, அவ்வளவுதான்.

மீதிப் பாதி நிஜம். ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை 2016ல ஒரு ஆய்வை வெளியிட்டுச்சு. மாத்தப்பட்ட பெரிய வீட்டுச் சாதனங்கள்ல, அஞ்சு வருஷத்துக்குள்ளயே பழுதாகி மாத்தப்பட்டது 2004ல 3.5 சதவீதம், 2012ல 8.3 சதவீதம். இத்தனாவது மாசம் நிக்கணும்னு கம்பெனிக்காரங்க வேணும்னே வடிவமைச்சதா நிரூபிக்க அதே ஆய்வால முடியல. அப்போ உள்ள என்னதான் மாறுச்சு?

முதல்ல, மிச்ச வலு போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல அழுத்தத்தைக் கணக்குப் போடத் தெரியாத காலத்துல ஒரு தகடு 1 மில்லிமீட்டர் போதுமா, 2 வேணுமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. எதுக்கும் இருக்கட்டும்னு தடிமனா வச்சாங்க. இன்னைக்கு எந்த இடத்துல எவ்வளவு சுமை வரும்னு முன்கூட்டியே தெரியும், அதனால தேவைக்கு மேல ஒரு கிராம்கூட இருக்காது. கணக்குல எதிர்பார்த்தபடி பயன்படுத்துற வரைக்கும் சரி. ஒரு கை துணி கூடப் போட்டா, ஒரு மூலையில சூடு கூடினா, தாங்க எதுவும் மீதி இல்ல.

இன்னொண்ணு, ஒரு சின்ன பாகம் போனா அதை மட்டும் மாத்த முடியாதபடி மத்ததோட சேர்த்து ஒட்டிட்டாங்க. என்னைக் கேட்டா, முதல் காரணத்தை விட இதுதான் பெரிய குற்றம்.

[திரை: எலெக்ட்ரானிக் போர்டு. நீல, கறுப்பு உருளைகள் மீது வட்டம்]

போர்டுல இருந்து ஆரம்பிப்போம். பழைய மெஷின்ல பல் சக்கரம் வச்ச டைமர்தான் மூளை. இப்போ அந்த இடத்துல போர்டு. அதுல முதல்ல சாகுறது பெரும்பாலும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கிற சின்ன உருளை. உள்ள ஈரமான ரசாயனத் திரவம் இருக்கும், வருஷக்கணக்குல அது மெல்ல ஆவியாகும். அதோட மேல "105 டிகிரி"ன்னு போட்டிருக்கும். மலிவானதுக்கு அந்தச் சூட்டுல ஆயுள் 2000 மணி நேரம். ஒவ்வொரு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கணக்கைப் பாருங்க. அது உட்கார்ந்திருக்கிற இடம் 75 டிகிரின்னா 16,000 மணி நேரம். 65ன்னா 32,000. 55ன்னா 64,000. பெரிய எண்ணாத் தெரியும். ஆனா நீங்க மெஷினை ஓட்டாதப்பவும் போர்டைத் தயாரா வச்சிருக்கிற ஸ்டாண்ட்பை சப்ளை 24 மணி நேரமும் ஓடிட்டே இருக்கும். அப்படிப் பார்த்தா 75 டிகிரியில ரெண்டு வருஷம்கூட வராது, 55 டிகிரியில ஏழு வருஷம் தாண்டும். கெபாசிட்டர் அதே கெபாசிட்டர்தான். ஹீட் சிங்க் (சூட்டை இழுத்து வெளியேத்துற உலோகத் தகடு) பக்கத்துல நட்டானா, தள்ளி நட்டானாங்கிறதுலயே அஞ்சு வருஷ வித்தியாசம்.

அந்த நேரம் முடிஞ்ச அன்னைக்கே வெடிச்சிடும்னு அர்த்தமில்ல. கொள்ளளவு குறையும், உள் மின்தடை ஏறும். டிஸ்ப்ளே மங்கும், ரிலே (மின்சாரத்தை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) டிக் டிக்குன்னு அடிக்கும், பாதி வாஷ்ல மெஷின் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். காலையில ஆன் ஆகாம அடம்பிடிச்சு, கொஞ்ச நேரம் பிளக்ல இருந்தா ஓடுதுன்னா பெரும்பாலும் கெபாசிட்டர்தான்: சூடானதும் உள் மின்தடை தற்காலிகமா இறங்குது.

இதே அறிகுறி டிரை சால்டராலயும், அதாவது பாகத்தைப் போர்டோட பற்றவச்ச இடம் விட்டுப்போறதாலயும், வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2006 ஜூலையில இருந்து மின்னணுச் சாதனங்கள்ல ஈயத்துக்குக் கட்டுப்பாடு. ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில உருகும், அதுக்குப் பதிலா வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை ஏறக்குறைய 217ல. இது விறைப்பானது. ரிலே, கனெக்டர் மாதிரி கனமான பாகங்களோட கால்ல, அதிர்வும் சூடும் சேர்ந்தா மோதிரம் மாதிரி ஒரு விரிசல் விழும். லென்ஸ் வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துட்டு புதுசா வச்சா சரியாகும். ஆனா வாஷிங் மெஷின் போர்டு பலதுக்கு ஈரம் புகாம இருக்க மேல பிசின் ஊத்தியிருப்பாங்க. ஈரத்துல இருந்து காப்பாத்துற அதே பிசின் மெக்கானிக்கையும் தடுத்துடுது.

பாகங்களோட எண்ணிக்கையும் ஒரு விஷயம். ஒவ்வொரு பாகமும் ஒரு வருஷம் பழுதில்லாம ஓட 99 சதவீத வாய்ப்பு இருக்குன்னு வைங்க. அஞ்சு பாகம் இருந்தா மொத்தத்துக்கும் 95 சதவீதம். ஐம்பது பாகம் இருந்தா 60 சதவீதம்தான். பழைய சாதாரண ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரஸர், தெர்மோஸ்டாட், ரிலே, ஓவர்லோடு, ஒரு பல்பு, அவ்வளவுதான் மின் பாகம். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வந்ததும் ஹீட்டர், ஃபேன், சென்சார்கள், போர்டுன்னு வரிசை கட்டிச்சு.

[திரை: பிளாஸ்டிக் டப்பின் குறுக்குவெட்டு: பேரிங், ஆயில் சீல், ஸ்பைடர்]

இப்போ முன்பக்கம் கதவு வச்ச வாஷிங் மெஷின். இதுல பேரிங் பெரும்பாலும் தனியாப் போறதில்ல, முதல்ல ஆயில் சீல், அதாவது பேரிங்குக்குள்ள தண்ணி போகாம தடுக்கிற ரப்பர் வளையம் போகும். சீல் உதடு தேய்ஞ்சதும் தண்ணி பேரிங்குக்குள்ள இறங்கும், கிரீஸ் கழுவிட்டுப் போகும், குண்டுகள் துருப்பிடிக்கும். டப்போட (டிரம்மைச் சுத்தி தண்ணி நிக்கிற வெளித் தொட்டி) பின்பக்கம் பழுப்பு நிறக் கோடு ஒழுகியிருந்தா வேலை ஆரம்பிச்சாச்சு. ஸ்பின்ல விமானம் கிளம்புற மாதிரி சத்தம் வர்றதுக்குள்ள பார்க்கணும். வெறும் டிரம்மைக் கையால சுத்துங்க, கரகரன்னு கேட்டாலோ, விளிம்பைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா பின்னாடி அச்சு ஆடினாலோ பேரிங்தான்.

வேகமும் கூடிடுச்சு. 800 சுற்றுல இருந்து 1400 சுற்றுக்குப் போனா, வெளிப்பக்கம் இழுக்கிற விசை 1.75 மடங்கு இல்ல, அதோட வர்க்கம்: மூணு மடங்குக்கும் மேல. துணி ஒரு பக்கமா ஒதுங்கினா அந்த மூணு மடங்கும் பேரிங் தலையில.

பேரிங்கும் சீலும் மலிவு. ஆனா பல மாடல்ல வெளி டப்போட ரெண்டு பாதியையும் போல்ட் போடாம, உருக்கி ஒட்டி மூடியிருப்பாங்க. திறக்க முடியாது, டிரம்மோட முழு டப்பையும் மாத்தணும். அதுக்கு ஆகிற செலவைக் கேட்டதும் பாதிப் பேர் புது மெஷின் வாங்கிடுவாங்க. சில மெக்கானிக்குங்க ஒட்டின விளிம்பை ரம்பத்தால அறுத்து, பேரிங் மாத்தி, சிலிக்கோன் தடவி, சுத்திலும் ஸ்க்ரூ போட்டு மூடுறாங்க. பொறுமையாச் செஞ்சா ஒழுகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்ல இருந்து வாஷிங் மெஷின் உதிரி பாகங்களை, அந்த மாடலோட கடைசி மெஷின் சந்தைக்கு வந்த நாள்ல இருந்து குறைஞ்சது 10 வருஷம் வச்சிருக்கணும், 15 வேலை நாள்ல கொடுக்கணும்னு விதிச்சது. நல்ல சட்டம்தான். ஆனா டிரம், ஸ்பைடர் (டிரம்மைப் பின்னாடி தாங்குற மூணு கைச் சட்டம்), பேரிங் வரிசையில "தனியாகவோ சேர்த்தோ" கொடுக்கலாம்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில முழு டப்பும் நுழைஞ்சுடுது.

இந்த ஸ்பைடர் அலுமினிய வார்ப்பு. எவர்சில்வர் டிரம்மோட ஒட்டி, எப்பவும் சோப்புக் கசடும் ஈரமுமா இருந்தா அரிச்சு, ஒருநாள் கை முறியும். சோப்பு அதிகமாப் போடுறதும், எப்பவும் குளிர்ந்த தண்ணியிலயே துவைக்கிறதும் கசடை வளர்க்கும். மாசம் ஒருதடவை துணியில்லாம 60 டிகிரி அல்லது அதுக்கு மேல ஒரு வாஷ் ஓட்டுங்க. முடிஞ்சதும் கதவைத் திறந்து வைங்க.

[திரை: ஃப்ரிட்ஜ் பின்புறம். பழையதில் கறுப்புக் கம்பிச் சட்டம், புதியதில் வெறும் தகடு]

ஃப்ரிட்ஜ்லயும் இதே கதைதான். சூட்டை வெளியேத்துற குழாய் (கண்டன்சர்) முன்னாடி பின்பக்கம் வெளிய தெரியும். இப்போ அது பக்கச் சுவருக்குள்ள, ஃபோம்ல புதைஞ்சிருக்கு. பார்க்க அழகு, தூசியும் சேராது. ஆனா அங்க ஊசிமுனை ஓட்டை விழுந்தா ஃபோமைக் குடைஞ்சு தேட முடியாது. கதவு ஓரம் வியர்க்காம இருக்க ஓடுற மெல்லிய இரும்புக் குழாய் துருப்பிடிக்கிறது சகஜம். அதைத் துண்டிச்சு விட்டுட்டு, வெளிய புதுக் கண்டன்சர் மாட்டி ஓட்டலாம். குளிர வைக்கிற கேஸ் R600aன்னா அது எரியும் வாயு, அளவும் சில பத்து கிராம்தான். கேஸை முழுசா வெளியேத்தாம பற்றவைக்கிற ஆளை உள்ளயே விடாதீங்க.

ஒண்ணு நியாயமாச் சொல்லணும். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் கரண்ட்டைக் குடிச்ச மாதிரி இது குடிக்காது. தடிமனான ஃபோமும் இன்வெர்ட்டர் போர்டும் அதுக்காக வந்ததுதான்.

மோட்டார் பற்றி சுருக்கமா. செம்புக்குப் பதில் அலுமினியக் காயில் வருது. அலுமினியம் செம்பு கடத்துறதுல 60 சதவீதம் அளவுதான் மின்சாரம் கடத்தும், அதே வேலைக்கு குறுக்குவெட்டுப் பரப்பு 1.6 மடங்கு இருக்கிற கம்பி வேணும். அதைக் கொடுத்தா பிரச்சினை இல்ல, கஞ்சத்தனம் பண்ணினா சூடாகும், இன்சுலேஷனும் அதே 10 டிகிரி விதிப்படி கருகும். ஃபேன் மோட்டார்ல காயிலுக்குள்ள தெர்மல் ஃபியூஸைச் செருகியிருப்பாங்க. தீப்பிடிக்காம காப்பாத்துற பாகம், ஒருதடவை அறுந்தா மோட்டாரே செத்த மாதிரி ஆயிடும். சூடானதுக்கான காரணத்தைச் சரிசெஞ்சுட்டு, அதே டிகிரி ஃபியூஸை மட்டும் போடணும். நேரா ஒட்டுப் போட்டா தீ விபத்துக்கு வழி. மிக்சி கப்ளர் மாதிரி முதல்ல உடையணும்னே வச்ச பாகத்தையும் மட்டம்னு திட்டாதீங்க. அது உடையலேன்னா மோட்டார் எரியும்.

[திரை: மல்டிமீட்டர், ரெசிஸ்டர், சால்டரிங் அயன்]

போர்டுல கெபாசிட்டர் மாத்தறதுன்னா: பிளக்கைப் பிடுங்கினதும் தொடாதீங்க. 230 வோல்ட் சப்ளையில பெரிய கெபாசிட்டர்ல 325 வோல்ட் வரை நிக்கும். 4.7 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் பண்ணின கம்பியால ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு, மீட்டர்ல பூஜ்யத்துக்கு வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. புதுசுல மைக்ரோஃபேரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட, 105 டிகிரி, குறைஞ்ச உள் மின்தடை, 5000 மணி நேரம் அல்லது அதுக்கு மேல. பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ், மாத்திப் போட்டா வெடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் வீட்டுல திறக்கவே வேண்டாம், அங்க இருக்கிறது ஆயிரக்கணக்கான வோல்ட்.

வாஷிங் மெஷினை வேலை முடிஞ்சதும் சுவர் ஸ்விட்ச்சுல அணைச்சா ஸ்டாண்ட்பை கெபாசிட்டருக்கு ஓய்வு கிடைக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துலயும் பின்னாலயும் கையேட்டுல சொன்ன இடைவெளியைக் குறைக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல் எண்ணைப் போட்டு உதிரி பாகப் படத்தைத் தேடுங்க. அதுல பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் தனித்தனி எண் இருக்கா, இல்ல "டப் அசெம்ப்ளி"ன்னு ஒரே எண்தானா? கடைக்காரர் பத்து வருஷ மோட்டார் வாரண்டின்னு பெருமையாச் சொல்வாரு. மோட்டார் சாதாரணமா முதல்ல போறதில்ல. போர்டுக்கும் டப்புக்கும் எத்தனை வருஷம்னு கேளுங்க.