செயலாராய்ச்சியைத் தனியாவே செய்யக் கூடாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி மனசுலயே நின்னுடுச்சு. ஒரு ஆசிரியை கேட்டிருக்காங்க: "என் வகுப்புல என்ன குறைன்னு எனக்கே தெரியும். அப்புறம் எதுக்கு இன்னொருத்தரையும் சேர்த்துக்கிட்டு செயலாராய்ச்சி செய்யணும்?"

செயலாராய்ச்சின்னா, தன் வகுப்புல இருக்கிற ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ஞ்சு, ஒரு மாற்றம் செஞ்சு, பலன் என்னன்னு பார்க்கிறது. அதைத் தாராளமா தனியா செய்யலாம்மா, யாரும் தடுக்கலை. ஆனா "எனக்கே தெரியும்"னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. பாடம் நடத்திக்கிட்டே நம்ம வகுப்பை நாமளே முழுசா பார்க்க முடியாது. அடுத்து என்ன சொல்லணும்ங்கிறதுலயே பாதி கவனம் போயிடும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் கடைசி பெஞ்சுல உட்காருறாங்கன்னு வெச்சுக்குங்க. பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற வரிசையை வரைஞ்ச ஒரு தாள் கையில. நீங்க யார்கிட்ட கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்துல ஒரு கோடு. பதிலுக்கு எத்தனை நொடி விட்டீங்கன்னு ஓரத்துல ஒரு எண். அவ்வளவுதான். மணி அடிச்சதும் எடுத்துப் பார்த்தா முதல் ரெண்டு வரிசையில கோடு கோடா இருக்கும், ஜன்னலோர வரிசை காலியா கிடக்கும். எல்லார்கிட்டயும் கேட்கிறதாத்தான் அதுவரைக்கும் நினைச்சிருப்பீங்க.

அந்த நொடிக் கணக்கை லேசா எடுத்துக்காதீங்க. மேரி பட் ரோன்னு அமெரிக்காவுல ஒரு அறிவியல் கல்வி ஆய்வாளர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்கன்னு 1970கள்லயே வகுப்பு ஒலிப்பதிவுகளை வெச்சுக் காட்டினாங்க. அதை மூணு நொடியாக்கினா பதில் நீளுது, பேசாத பிள்ளைங்களும் பேசுறாங்க. மூணே நொடி!

வந்து உட்காருறவங்க உங்களைப் பார்க்க வரலை, பிள்ளைங்களைப் பார்க்க வர்றாங்க. "நல்லா நடத்தினீங்க", "குரல் எடுபடலை", இதெல்லாம் வேண்டாம். "மூணாவது கேள்விக்கு அந்தப் பொண்ணு கையைத் தூக்கிட்டு, பாதியிலயே இறக்கிட்டா", இது வேணும். ஏன் இறக்கினான்னு ரெண்டு பேரும் யோசிக்க ஆரம்பிச்சுடுவீங்க.

யாரும் கேட்காத ஒண்ணையும் சொல்லிடறேன். ஆராயப்போற கேள்வி யாரோடது? "இந்தத் தலைப்பு, இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள்ள"ன்னு மேல இருந்து சுற்றறிக்கை வந்தா கோப்புதான் நிறையும். 1946ல கர்ட் லெவின்ங்கிற உளவியலாளர் செயலாராய்ச்சியைப் பத்தி எழுதினப்பவே, திட்டம் போட்டு, செஞ்சு, விளைவைப் பார்த்து, திட்டத்தைத் திருத்தி மறுபடி செய்யற வேலையாத்தான் சொன்னார். அறிக்கையோட முடியற வேலை இல்லை. ஆசிரியர் வேலையை வெளியாள் ஆராய்ஞ்சா போதாது, ஆசிரியர்களே ஆராயணும்னு 1975ல லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ்ங்கிற பிரிட்டிஷ் கல்வியாளர் அழுத்திச் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.

அதனால அம்மா, உங்களை உறுத்துற ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்குங்க. கூப்பிடுறவங்க உங்களுக்கு மதிப்பெண் போடற பதவியில இருக்க வேண்டாம். அந்தத் தாள் உங்ககிட்டயே இருக்கட்டும், அலுவலகத்துக்குப் போக வேண்டாம். அடுத்த வாரம் நீங்க அவங்க வகுப்புல போய் உட்காருங்க. இதை மட்டும் விட்டுடாதீங்க.