வயது குறைந்தால் கூலியும் குறைய வேண்டுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

குறைந்தபட்ச ஊதியத்தை வயதுவாரியாகப் பிரிப்பது இளைஞர்களுக்குப் பாதுகாப்பே என்று எதிரணித் தலைவர் உறுதிபடச் சொல்லி அமர்ந்திருக்கிறார். அந்தப் பாதுகாப்பின் செலவை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்பதற்காகவே நான் எழுந்திருக்கிறேன்.

பிரிட்டனையே முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். வயதுப் படிகளை, அதாவது வயதுக்கு வயது வேறுபடும் குறைந்தபட்சக் கூலியை, சட்டத்தில் எழுதி, அவற்றைப் பலமுறை மாற்றியும் பார்த்த நாடு அது. அங்கே 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு, 18 முதல் 20 வயது வரையுள்ளவருக்கு 10 பவுண்டு, 16, 17 வயதினருக்கு 7.55 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 35 மணி நேரம் உழைக்கும் 20 வயதுக்காரருக்கும் 21 வயதுக்காரருக்கும் இடையே அந்த விகிதப்படி ஓராண்டில் விழுந்த இடைவெளி 4,000 பவுண்டுக்கு மேல். இருவரும் ஒரே ஷிப்டில், ஒரே மேற்பார்வையாளரின் கீழ், ஒரே வேலையைச் செய்தாலும் கணக்கு இதுதான்.

அனுபவத்துக்கு மதிப்பில்லையா என்று எதிரணியினர் கேட்டார்கள். உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் இந்தச் சட்டம் அனுபவத்தைக் கேட்பதே இல்லை. பிறந்த தேதியை மட்டுமே கேட்கிறது. 16 வயதில் ஓர் உணவகச் சமையற்கூடத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் அடுப்படியில் நின்றவரை எண்ணிப் பாருங்கள். அதே சமையற்கூடத்துக்கு, அந்தத் தொழிலையே அறியாத 35 வயதுக்காரர் ஒருவர் புதிதாக வருகிறார். வந்தவருக்கு முதல் நாளிலிருந்தே முழு விகிதத்தைச் சட்டம் உறுதி செய்கிறது; அவருக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத்தரும் 20 வயதுக்காரருக்கு அந்த உறுதி இல்லை. இதற்கு அனுபவம் என்று பெயர் சூட்டினால், அனுபவம் என்ற சொல்லே நம் மீது வழக்குத் தொடுக்கும். கைத்திறனுக்கும் பொறுப்புக்கும் மூப்புக்கும் கூடுதலாகக் கொடுக்க எந்த முதலாளிக்கும் தடையில்லை, தாராளமாகக் கொடுக்கட்டும். எவருடைய ஒரு மணி நேர உழைப்பையும் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று அரசு கிழிக்கும் கோட்டை மட்டும் ஆளுக்கேற்ப வளைக்காதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

அந்தக் கோடுதான் எங்கெங்கே அலைந்திருக்கிறது! 1999இல் குறைந்தபட்ச ஊதியம் அறிமுகமானபோது முழு விகிதம் 22 வயதில் தொடங்கியது. 2010இல் 21க்கு இறங்கியது. 2016இல் 25க்கு ஏறியது. 2021இல் 23, 2024இல் மீண்டும் 21. 2015இல் 24 வயதுக்காரருக்கும் 50 வயதுக்காரருக்கும் குறைந்தபட்சம் ஒன்றாகவே இருந்தது. 2016 ஏப்ரல் முதல் தேதியில் 25 வயதினருக்கு 7.20 பவுண்டு, 24 வயதினருக்கு 6.70 பவுண்டு. அன்று விடிவதற்குள் 25 வயதினருக்கு மட்டும் ஞானம் பிறந்துவிட்டதா, நடுவர் அவர்களே? வயதைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்திலும் இந்த வயதுப் படிகளுக்குத் தனியே விலக்கு எழுத வேண்டியிருந்தது. பாகுபாடே இல்லாத ஒன்றுக்கு விலக்கு எதற்கு?

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். கூலியை உயர்த்தினால் இளைஞருக்கு வேலையே கிடைக்காது. தொடக்கத்தில் நெடுநாள் வேலையின்றி இருந்தவரின் பிற்கால வருமானமும் அடிபடும் என்றார்கள். இரண்டாவது பகுதியை மறுக்க மாட்டேன், அது உண்மையான கவலை. முதல் பகுதிக்குக் கிரேக்க நாடு பதில் சொல்லட்டும். 2012இல் அங்கே குறைந்தபட்ச ஊதியத்தை 22 சதவீதம் வெட்டியவர்கள், 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் 32 சதவீதம் வெட்டினார்கள். மறு ஆண்டில் இளைஞர் வேலையின்மை 50 சதவீதத்தைத் தாண்டி நின்றது. பொருளாதாரமே சரிந்திருந்த காலம் அது, கூலி வெட்டுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க ஆளில்லாத கடையில் பணியாளரின் கூலியைக் குறைத்தால் வேலை பெருகாது என்பதை அந்த நாடு காட்டியது. 2019இல் அந்த வயதுப் பிரிவை அவர்களே நீக்கினார்கள்.

குறைந்த கூலிக்குப் பயிற்சிதான் காரணம் என்றால், பிரிட்டனில் முதலாண்டுத் தொழிற்பழகுநருக்கு, அவர் எந்த வயதினராக இருந்தாலும், தனி விகிதம் இருக்கிறது. (அது போதுமா என்பது வேறொரு பட்டிமன்றத்துக்கான தலைப்பு.) கூலி கூடினால் பள்ளியை விட்டு ஓடிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு, 18 வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் உள்ளது. இளைஞரை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு ஊக்கம் வேண்டும் என்றால், அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: 21 வயதுக்குட்பட்ட பணியாளருக்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுத் தொகையை (சமூகப் பாதுகாப்புக்கான பங்களிப்பு அது), ஒரு சம்பள வரம்பு வரை, 2015 ஏப்ரலிலிருந்து அரசு தள்ளுபடி செய்கிறது. இந்தச் சலுகையின் செலவைப் பொதுக் கருவூலம் ஏற்கிறது. வயதுப் படியிலோ, அதே சலுகையை அந்த 20 வயதுக்காரரின் சட்டைப் பையிலிருந்து எடுத்து முதலாளிக்குக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, இது இளைஞரோடு முடிகிற இழப்பும் அன்று. நெதர்லாந்தில் முழு ஊதியத்தில் 18 வயதினருக்கு 50 சதவீதம், 19க்கு 60, 20க்கு 80, 21 வயதில்தான் நூறு. அங்கே ஒரு சூப்பர்மார்க்கெட்டின் அலமாரியை அடுக்க 18 வயதுக்காரர் பாதிக் கூலிக்குக் கிடைக்கும்போது, அந்த வேலையைத் தேடி வரும் 45 வயதுத் தாய்க்கு என்ன வாய்ப்பு? அந்த 18 வயதுக்காரரின் ஒவ்வொரு பிறந்தநாளும் முதலாளிக்கு ஒரு விலையேற்றம். 21 ஆனதும் அவருடைய ஷிப்டுகளைக் குறைத்து அடுத்த 18 வயதுக்காரரை அழைக்கும் ஆசையைச் சட்டமே ஊட்டுகிறது. 20 வயதில் அவரைக் காத்ததாகச் சொல்லும் ஏற்பாடு, 21 வயதில் அவரை யாரிடமிருந்து காக்கிறது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் விளக்க வேண்டும். நன்றி, வணக்கம்.